மூன்று ஓட்டுக் கணக்கு: ஸ்கூல் போர்டு தேர்தலில் நிற்க நினைக்கும் வாசகிக்கு

கேள்வி: சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் பல வருடங்களாக இருக்கிறோம். எனக்கு சாஃப்ட்வேர் வேலை. போன வருடம்தான் சிட்டிசன்ஷிப் கிடைத்தது. மகள் ஆறாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. இருவரும் பப்ளிக் ஸ்கூல். எங்கள் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டில் மிடில் ஸ்கூல் பிள்ளைகளுக்கு இருந்த வேகக் கணக்கு வகுப்பை நிறுத்திவிட்டார்கள். எட்டாம் வகுப்பில் ஆல்ஜீப்ரா இனி கிடையாதாம். போர்டு கூட்டத்துக்குப் போய்ப் பேசினேன். மூன்று நிமிடம் ஆனதும் மைக்கை நிறுத்திவிட்டார்கள். மேடையில் இருந்த ஐந்து பேரில் ஒருவர்கூடப் பதில் பேசவில்லை. அன்றிலிருந்து எங்கள் தமிழ் வாட்ஸப் குழுவில், "நீங்களே நவம்பர்ல நில்லுங்க, செலவை நாங்க பாத்துக்கறோம்" என்கிறார்கள். மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமியார், "நமக்கெதுக்கும்மா அரசியல்" என்கிறார். நான் நிற்கலாமா? ஜெயித்தால் அந்த வகுப்பைத் திரும்பக் கொண்டுவர முடியுமா? என் ஆங்கிலத்தைக் கேலி செய்வார்களோ என்ற தயக்கமும் இருக்கிறது. இன்னொன்று, கணவர் வேலை பார்க்கும் கம்பெனி பள்ளிகளுக்கும் மென்பொருள் விற்கிறது. அது இடைஞ்சலா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நிற்கலாம். பதினெட்டு வயது, குடியுரிமை, டிஸ்ட்ரிக்டுக்குள் வீடு, வாக்காளராகப் பதிவு. கலிபோர்னியாவில் ஸ்கூல் போர்டுக்கு, அதாவது டிஸ்ட்ரிக்டின் பள்ளிகளை நிர்வகிக்க மக்கள் தேர்ந்தெடுக்கும் குழுவுக்கு, நிற்க இவ்வளவுதான் வேண்டும். ஆனால் கணக்கு வகுப்பு ஒன்றுக்காகத்தான் என்றால் நிற்காதீர்கள்.

இந்த மாநிலத்தில் பள்ளி மாவட்டங்களின் நிதிப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். போர்டு உறுப்பினர்கள் மேடையில் இருப்பார்கள். நான் பக்கத்து மேஜையில் பட்ஜெட் காகிதங்களோடு உட்கார்ந்திருப்பேன். ஒரே ஒரு கோரிக்கையைப் பிடித்துக்கொண்டு ஜெயித்து வந்தவர்களை அங்கிருந்து பார்த்திருக்கிறேன். முதல் வருடம் முழுக்கக் கோபமாகவே இருப்பார்கள். காரணம் எளிது. ஐந்து பேர் போர்டில் எதை நிறைவேற்றவும் மூன்று ஓட்டு வேண்டும். ஜெயித்தாலும் உங்கள் கையில் இருப்பது ஒன்று. கூட்டத்துக்கு வெளியே தனி உறுப்பினருக்கு ஒரு அதிகாரமும் கிடையாது. பிரின்சிபாலைக் கூப்பிட்டு இந்த வகுப்பைத் தொடங்குங்கள் என்று சொல்ல முடியாது; ஓர் ஆசிரியரை மாற்றச் சொல்ல முடியாது. போர்டு நேரடியாக வேலை வாங்குவது டிஸ்ட்ரிக்டின் தலைமை அதிகாரியான சூப்பரின்டெண்டென்டிடம்தான். மற்ற எல்லாரும் அவருக்குக் கீழே. கவுன்சிலர் ஒரு வார்த்தை சொன்னால் ஹெட்மாஸ்டர் கேட்பார் என்ற நம் ஊர் நினைப்போடு உள்ளே போனால் முதல் வாரமே முட்டிக்கொள்வீர்கள்.

கணக்குச் சண்டைக்கு உங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. சான் பிரான்சிஸ்கோ டிஸ்ட்ரிக்ட் 2014இல் எட்டாம் வகுப்பு ஆல்ஜீப்ராவை எடுத்தது. எல்லாப் பிள்ளைகளையும் ஒன்பதாம் வகுப்பு வரை ஒரே பாதையில் கொண்டுபோனால் கறுப்பின, லத்தீனோ பிள்ளைகள் பின்தங்குவது குறையும் என்பது அன்று சொன்ன காரணம். அந்த நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். வழி சரியா என்பதில்தான் பெற்றோர் வருடக்கணக்காக மல்லுக்கு நின்றார்கள். 2022 பிப்ரவரியில் மூன்று போர்டு உறுப்பினர்களை மக்கள் ஓட்டுப் போட்டே பதவியிலிருந்து இறக்கினார்கள். அதற்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆல்ஜீப்ராவைத் திரும்பக் கொண்டுவரப் போர்டு வாக்களித்தது 2024 பிப்ரவரியில்தான். அடுத்த மாதம் நகர மக்களிடம் கேட்டபோது பத்தில் எட்டுப் பேர் வேண்டும் என்றார்கள். இவ்வளவு ஆதரவு இருந்தும் பத்து வருடம் ஆனது.

உங்கள் மகள் இப்போது ஆறாம் வகுப்பு. 2026 நவம்பர் 3இல் ஜெயித்தால் டிசம்பர் இரண்டாவது வெள்ளிக்கிழமைதான் பதவி தொடங்கும். அப்போது அவள் ஏழாம் வகுப்பின் நடுவில் இருப்பாள். புதிதாக வந்த ஒருவர் இன்னும் இரண்டு பேரைத் தன் பக்கம் இழுத்து, ஆசிரியரும் பணமும் இருக்கின்றனவா என்று பார்த்து முடிப்பதற்குள் அவள் ஹை ஸ்கூலில் இருப்பாள். உங்கள் மகனுக்கு வேண்டுமானால் பயன்படலாம்.

மேடையில் யாரும் பதில் பேசவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அது திமிர் இல்லை. உள்ளூர் அமைப்புகளின் கூட்டங்கள் திறந்த கூட்டங்களாக இருக்க வேண்டும் என்று 1953இல் வந்த பிரவுன் சட்டப்படி, வழக்கமான கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை 72 மணி நேரத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். அதில் இல்லாத விஷயத்தைப் போர்டு விவாதிக்கக் கூடாது. கேட்டுக்கொள்ளலாம், ஓரிரு வரி விளக்கம் தரலாம், அவ்வளவுதான். ஆகவே விஷயத்தை நிரலில் ஏற்றுவதுதான் உங்கள் முதல் வேலை. அதற்குப் பதவி வேண்டியதில்லை. டிஸ்ட்ரிக்ட் சம்பந்தப்பட்ட விஷயத்தை நிரலில் சேர்க்கச் சொல்லும் உரிமையைக் கலிபோர்னியா கல்விச் சட்டத்தின் 35145.5 பிரிவு பொதுமக்களுக்கே தருகிறது. இது பலருக்குத் தெரியாது; மேடையில் இருப்பவர்களில் சிலருக்கே தெரியாது. அதோடு, 2015இல் வந்த ஒரு மாநிலச் சட்டம், ஒன்பதாம் வகுப்பில் எந்தப் பிள்ளையை எந்தக் கணக்கு வகுப்பில் சேர்ப்பது என்பதற்கு நியாயமான, வெளிப்படையான கொள்கை இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஊரில் அந்தக் கொள்கை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று கேட்டு வாங்குங்கள். வாட்ஸப் குழுவில் நாற்பது பேர் "ஆமாம் ஆமாம்" என்பதைவிட, அந்தக் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாலு பேர் வந்து பேசினால் மேடையில் இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

சரி, கணக்கைத் தள்ளி வைப்போம். பள்ளி நிர்வாகத்திலேயே உங்களுக்கு ஈர்ப்பு இருக்கிறது என்றால் பேச்சே வேறு. அப்படியானால் அந்த நாற்காலியில் உண்மையில் என்ன வேலை என்று சொல்கிறேன்.

பெரும்பாலும் பணம். கலிபோர்னியாவில் 2013 முதல் இருக்கும் நிதி முறையில், ஒரு பிள்ளைக்கு இவ்வளவு என்று அடிப்படைத் தொகை. ஏழைப் பிள்ளைகள், ஆங்கிலம் கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகள், வளர்ப்புக் குடும்பங்களில் இருக்கும் பிள்ளைகள் ஆகியோருக்கு அதற்கு மேல் கூடுதல். பெரும்பாலான டிஸ்ட்ரிக்டுகளில் அந்தத் தொகை, பள்ளியில் பெயர் பதிந்த பிள்ளைகளைக் கணக்கிட்டு வருவதில்லை. தினமும் வந்து உட்காரும் பிள்ளைகளைக் கணக்கிட்டு வருகிறது. (பொங்கலுக்கு மூன்று வாரம் ஊருக்குப் போகிறோம் என்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு விமானம் ஏறும் நம் மக்களுக்கு இதைச் சொல்லிப் பாருங்கள். போவதற்கு முன்பே பள்ளியில் கேட்டு வீட்டுப்பாட ஒப்பந்தம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் பள்ளி அந்தப் பணத்தை இழக்காமல் இருக்க வழி உண்டு. யாரும் கேட்பதில்லை.) வளைகுடாப் பகுதியில் வீட்டு விலை ஏற ஏறப் பிள்ளைகள் குறைகிறார்கள், பிள்ளைகள் குறைந்தால் பணம் குறைகிறது, கட்டடமும் சம்பளமும் அப்படியே நிற்கின்றன. குபர்டினோவின் தொடக்கப் பள்ளி டிஸ்ட்ரிக்ட், ஊரே பெருமையாகப் பேசிய டிஸ்ட்ரிக்ட், 2021இல் பள்ளிகளை மூட வாக்களித்தது. நன்றாக நடந்துகொண்டிருந்த பள்ளிகள்தான்.

செலவில் பத்தில் எட்டுப் பங்கு சம்பளத்துக்கும் சலுகைகளுக்கும் போய்விடும். எனவே வெட்டு என்றால் ஆட்கள்தான். அடுத்த வருடம் வேலை இல்லாமல் போகலாம் என்ற அறிவிப்பை ஆசிரியருக்கு மார்ச் 15க்குள் கொடுத்துவிட வேண்டும் என்பது சட்டம். அதற்கு முந்தைய கூட்டத்தில்தான் நீங்கள் கை தூக்க வேண்டியிருக்கும். அரங்கு நிறைய ஆசிரியர்கள். முன்வரிசையில் உங்கள் மகனுக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவர் இருப்பார். இன்னொரு பக்கம் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளின் பெற்றோர். நாட்டில் ஒரு பிள்ளைக்குச் சராசரியாக ஆகும் செலவில் 40 சதவீதம் வரை அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் தருவதாக 1975 சட்டத்தில் மத்திய அரசு சொன்னது. வழக்கமான எந்த ஆண்டிலும் அதில் பாதியைக்கூடத் தந்ததில்லை. மீதியை டிஸ்ட்ரிக்ட் பொது நிதியிலிருந்து எடுக்கும். வேகக் கணக்கு வகுப்புக்கு வேண்டிய பணமும் அதே பானையில்தான் இருக்கிறது. இந்த இரண்டு தரப்புக்கும் நடுவில் உட்கார்ந்து, இதற்கு இவ்வளவு, அதற்கு இவ்வளவு என்று ஊர் முன்னால் காரணத்தோடு சொல்ல உங்களுக்குத் துணிவு இருந்தால் நீங்கள் நல்ல உறுப்பினர் ஆவீர்கள். மாதம் இரண்டு கூட்டம், ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கணக்கான பக்கம், சில இரவுகள் பதினோரு மணியைத் தாண்டும். கையில் வருவதைச் சம்பளம் என்று சொல்ல முடியாது.

தேர்தல் காகித வேலை பெரிதாக ஒன்றும் இல்லை. முதலில் கவுண்டி தேர்தல் அலுவலகத்தில் உங்கள் முகவரியைக் கொடுத்து, நீங்கள் இருக்கும் பகுதிக்கு 2026இல் தேர்தல் உண்டா என்று கேளுங்கள். பல டிஸ்ட்ரிக்டுகள் ஊர் முழுக்க ஓட்டுப் போடும் முறையை விட்டுவிட்டு, பகுதி பகுதியாகப் பிரித்துத் தேர்தல் நடத்துகின்றன. நான்கு வருடப் பதவி. எல்லா இடங்களுக்கும் ஒரே நேரத்தில் தேர்தல் வராது. உங்கள் பகுதிக்கு 2028இல்தான் என்றால் இந்தக் கேள்வியே தள்ளிப் போகிறது. உண்டு என்றால் வேட்புமனு ஜூலை 13 முதல் ஆகஸ்ட் 7 வரை. ஓட்டுச் சீட்டில் கட்சிப் பெயர் வராது. உங்கள் தொழிலை மூன்று சொல்லுக்குள் போடுவார்கள். வாக்காளருக்குப் போகும் கையேட்டில் 200 சொல்லில் உங்களைப் பற்றி எழுதலாம், அச்சுச் செலவு பெரும்பாலும் உங்களுடையது. அதை மட்டும் விட்டுவிடாதீர்கள். உங்களை நேரில் பார்க்காத பெரும்பாலானவர்கள் படிப்பது அது ஒன்றைத்தான்.

இனி "செலவை நாங்க பாத்துக்கறோம்" என்ற பேச்சுக்கு வருகிறேன். இதில்தான் நம்மவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஹெச்1பி, எல்1, எஃப்1 விசாவில் இருப்பவர்கள் அமெரிக்காவில் எந்தப் பதவிக்கான தேர்தலுக்கும் பணம் தரக்கூடாது. ஜனாதிபதித் தேர்தலுக்கு மட்டுமல்ல, உங்கள் ஸ்கூல் போர்டுக்கும் அந்தக் கூட்டாட்சிச் சட்டம் பொருந்தும். கிரீன் கார்டு இருந்தால் தரலாம். மதுரையிலிருந்து மாமனார் ஆசையாக அனுப்பினாலும் வாங்கக் கூடாது. குழுவில் எல்லாரும் ஒருவருக்கு ஸெல் (Zelle) செயலியில் பணம் அனுப்பி, அவர் பெயரில் ஒரே காசோலையாகக் கொடுப்பது அதைவிட மோசம். அடுத்தவர் பணத்தைத் தன் பெயரில் கொடுப்பது தனிக் குற்றம். விசாவில் இருக்கும் நண்பர்கள் சும்மா இருக்க வேண்டியதில்லை. கூலி வாங்காமல் உங்களுக்காக வீடு வீடாக வரலாம், துண்டறிக்கை மடிக்கலாம். ஆனால் பிரசாரப் பணத்தை எங்கே செலவழிப்பது என்று முடிவெடுக்கும் இடத்தில் அவர்களை உட்கார வைக்காதீர்கள்.

பணம் வாங்குவதற்கும் செலவழிப்பதற்கும் முன்னால், நிற்கப் போகிறேன் என்று அறிவிக்கும் ஃபார்ம் 501. மொத்தம் 2,000 டாலரை எட்டினால் கமிட்டி, தனி வங்கிக் கணக்கு, ஃபார்ம் 460 என்று கணக்கு விவரம் போய்க்கொண்டே இருக்கும். 100 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தவரின் பெயர், தொழில், எங்கே வேலை பார்க்கிறார் என்பது வரை அதில் வரும், ஊரே பார்க்கலாம். 100 டாலரும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது. கல்யாண வீட்டு மொய் நோட்டில் ஒருவரை விட்டுப்போனால் மனஸ்தாபம்தான் வரும். இதில் அபராதம் வரும். 2,000 டாலருக்குள் முடித்துவிட முடியுமா என்று முதலில் பாருங்கள். பகுதித் தேர்தல் என்றால், நடக்கத் தயாராக இருப்பவருக்கு அது நடக்காத காரியம் இல்லை.

ஜெயித்த பிறகு அந்த வாட்ஸப் குழு என்ன ஆகும் என்று யோசித்தீர்களா? பிரவுன் சட்டம் பதவி ஏற்கும் நாளிலிருந்து தொடங்குவதில்லை. தேர்ந்தெடுக்கப்பட்டவர் பதவி ஏற்பதற்கு முன்பே அதற்குக் கட்டுப்பட்டவர். ஐந்து பேரில் மூன்று பேர் கூட்டத்துக்கு வெளியே போர்டு விஷயத்தைப் பேசக்கூடாது. நேராகவும் கூடாது, ஒருவர் மூலம் ஒருவராகவும் கூடாது. நீங்கள் ஒரு உறுப்பினரிடம் பேசுகிறீர்கள். உங்கள் தோழி அதை இன்னொரு உறுப்பினரிடம் போய், "இவங்க ரெண்டு பேரும் சரின்னுட்டாங்க, நீங்க?" என்று கேட்கிறார். நல்ல மனதோடு செய்த காரியம்தான். சட்டப்படி அது ரகசியக் கூட்டம். ஃபேஸ்புக்கில் இன்னொரு உறுப்பினர் டிஸ்ட்ரிக்ட் விஷயத்தைப் பற்றிப் போட்ட பதிவுக்கு நீங்கள் ஒரு கட்டைவிரல் போட்டாலும் தவறு என்று 2021இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் சொல்கிறது. உங்கள் சொந்த ஃபோன் என்பதும் காப்பாற்றாது. அரசுப் பணி பற்றிய செய்தி சொந்தக் கணக்கில் இருந்தாலும் பொது ஆவணம்தான் என்று கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் 2017இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. நள்ளிரவில் தோழிக்குத் தட்டிய எரிச்சல் வரி ஒரு நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் வரலாம்.

சட்டத்தைவிடக் கஷ்டமானது உறவுகள். "நம்ம ஆளு உள்ள இருக்காங்க" என்று ஆனதும் கேட்பார்கள்: பிள்ளையை வேறு ஆசிரியரிடம் மாற்றச் சொல்லுங்கள்; எங்கள் அபார்ட்மென்ட் அந்தப் பள்ளிக்கு வருவது போல் எல்லையைக் கொஞ்சம் நகர்த்துங்கள்; வாரயிறுதித் தமிழ்ப் பள்ளிக்கு வகுப்பறை வாடகையைக் குறையுங்கள்; தீபாவளிக்கு லீவு விடுங்கள். இவற்றில் கடைசி இரண்டும் போர்டு வெளிப்படையாக விவாதிக்கக்கூடிய விஷயங்கள், கூட்டத்துக்கு வந்து கேட்கச் சொல்லுங்கள். தீபாவளி 2026 முதல் கலிபோர்னியாவின் மாநில விடுமுறைப் பட்டியலில் இருக்கிறது. பள்ளியை மூடுவதா என்பதை அந்தந்த டிஸ்ட்ரிக்ட்தான் முடிவு செய்யும், அதையும் ஆசிரியர் சங்கத்தோடு பேசித்தான் செய்ய முடியும். முதல் இரண்டுக்கும் முடியாது என்று சொல்ல வேண்டும். ஓட்டுக் கேட்கப் போகும்போதே சொல்லிவிடுவது நல்லது. கொஞ்சம் பேர் முகம் சுளிப்பார்கள்.

இன்னொன்றை யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து வெளியேற்றுவதா என்பதில் டிஸ்ட்ரிக்டின் கடைசி ஓட்டும் போர்டுடையது. பெரும்பாலும் மூடிய அறையில் அந்தக் கோப்பு வரும். அந்தப் பெயர் உங்கள் குழுவில் உள்ள ஒருவரின் மகனாக இருக்கலாம். அறையில் கேட்டதை வெளியே சொல்வது சட்டவிரோதம். கணவரிடமும் சொல்லக் கூடாது. மறுநாள் தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் அந்தத் தாய் பக்கத்தில் வந்து உட்காருவார். நீங்கள் ஒன்றும் தெரியாதது போலப் பாயசம் சாப்பிட வேண்டும். என்னால் முடிந்திருக்காது என்று பல முறை நினைத்திருக்கிறேன்.

உச்சரிப்பைப் பற்றி அதிகம் யோசிக்காதீர்கள். சிலர் கேலி செய்வார்கள். உறுப்பினரான பிறகு, சமூக வலைத்தளத்தில் உங்கள் பதவிப் பக்கத்தில் திட்டுபவரை பிளாக் செய்யும் முன் வக்கீலைக் கேளுங்கள். தெற்குக் கலிபோர்னியாவில் இரண்டு போர்டு உறுப்பினர்கள் பெற்றோரை அப்படிச் செய்த வழக்கு 2024இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. மற்றபடி, பட்ஜெட்டைப் படித்துவிட்டு வந்து மெதுவாகக் கேள்வி கேட்பவரை நிதிப் பிரிவு மேஜையிலிருந்து நான் உச்சரிப்பை வைத்து எடை போட்டதில்லை. மாமியார் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. கட்சி இல்லை என்றாலும் அரசியல்தான். பிள்ளைகள் காதிலும் விழும். வீட்டில் எல்லாரோடும் உட்கார்ந்து பேசிவிட்டு முடிவு செய்யுங்கள். மாமியார் வீட்டில் இருக்கும் மாதங்களில் கூட்ட இரவுகளுக்கு அவர்தான் உங்களுக்குத் துணை.

என் யோசனை இது. ஜூன் மாதம் வரும் பட்ஜெட் கூட்டங்கள் இரண்டுக்கும் போங்கள். ஒன்றில் பொது விசாரணை நடக்கும், இன்னொரு நாள் நிறைவேற்றுவார்கள். இரண்டையும் ஒரே நாளில் வைக்கக் கூடாது என்பது சட்டம். போவதற்கு முன் இந்த வருடத்தின் இரண்டாவது இடைக்கால நிதி அறிக்கையைப் படியுங்கள். அதில் டிஸ்ட்ரிக்டின் நிலை 'பாசிட்டிவ்' (பணம் போதும்), 'குவாலிஃபைட்' (போதாமல் போகலாம்), 'நெகட்டிவ்' (போதாது) என்று மூன்றில் ஒன்றாகப் போட்டிருக்கும். அடுத்த இரண்டு வருடத்துக்குக் கையிருப்பு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். படிக்கும்போது மேலே மேலே கேள்வி வந்தால் ஜூலையில் மனு வாங்குங்கள். தூக்கம் வந்தால் பெற்றோர் ஆலோசனைக் குழுவிலோ, பெற்றோரும் ஆசிரியரும் சேர்ந்து உட்காரும் பள்ளியின் சைட் கவுன்சிலிலோ, கட்டடக் கடன் பத்திரப் பணத்தைக் கண்காணிக்கும் குடிமக்கள் குழுவிலோ ஒரு வருடம் இருங்கள். அங்கே ஆள் கிடைக்காமல் தவிப்பார்கள், கணக்கு வகுப்புக்காகப் பேசவும் அது போதும்.

கணவரின் கம்பெனி விஷயம் கொஞ்சம் ஆபத்தானது. அரசாங்கச் சட்டத் தொகுப்பின் 1090 பிரிவுப்படி, போர்டு போடும் ஒப்பந்தத்தில் உறுப்பினருக்குப் பண ஆதாயம் இருக்கக் கூடாது. கணவரின் சம்பளமும் உங்கள் ஆதாயமாகத்தான் பார்க்கப்படும். சில சூழ்நிலைகளில் விவரத்தைப் பதிவு செய்துவிட்டு நீங்கள் ஓட்டிலிருந்து ஒதுங்கினால் போதும். சில சூழ்நிலைகளில் நீங்கள் ஒதுங்கினாலும் மொத்தப் போர்டும் அந்த ஒப்பந்தத்தைப் போட முடியாது, போட்டால் செல்லாது. எது உங்களுக்குப் பொருந்தும் என்பது அவர் அங்கே எத்தனை வருடம், என்ன பதவி, எவ்வளவு பங்கு வைத்திருக்கிறார் என்பதையெல்லாம் பொறுத்தது. டிஸ்ட்ரிக்டின் பெயர் கம்பெனியின் வாடிக்கையாளர் பட்டியலில் இருக்கிறதா என்று அவரை இந்த வாரமே பார்க்கச் சொல்லுங்கள். இருந்தால், ஃபார்ம் 501ஐத் தொடுவதற்கு முன்னால் சாக்ரமென்டோவில் இருக்கும் எஃப்பிபிசி என்ற தேர்தல் நேர்மை ஆணையத்துக்கு எழுதுங்கள். எழுத்துமூலமாகவே ஆலோசனை தருவார்கள், கட்டணம் இல்லை.